‘எல்லாவற்றுக்கும் இல்லை’ என்ற பொத்தான்

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கணினியில் ஃபைல்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கிறீர்கள். அதே பெயரில் அங்கே ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால், பழையதை அழித்துவிட்டு இதை வைக்கட்டுமா என்று கேட்டு ஒரு சிறு பெட்டி எழும். அதில் நான்கு பொத்தான்கள்: ஆம், எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை, ரத்து. எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லப் பொத்தான் கிடையாது. வழி இருந்தது, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ‘இல்லை’யைத் தட்டினால் அதுதான் அர்த்தம். திரையில் மட்டும் அதை யாரும் எழுதிவைக்கவில்லை. அழிப்பதற்கு வாசலில் பலகை மாட்டிவிட்டு, காப்பாற்றுவதற்குக் கொல்லைப்புறத்தில் சந்து வைத்தார்கள்.

இதையெல்லாம் குறை என்று எழுதுவதே மிகை என்பதுதான் இன்று பரவலான எண்ணம். மென்பொருள் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், இந்த வகைப் பிழைகள் திருத்தப் பட்டியலின் அடியில் கிடக்க வேண்டியவை என்பார்கள். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர் “அதெல்லாம் பழகிடும் சார்” என்பார். பழைய இயங்குதளங்களின் மேல் பாசம் வைத்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் இந்தக் கோணல்களை ரசிக்கவே செய்கிறார்கள். மூன்று தரப்பும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன: இதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் வந்துவிடவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு வழக்கு.

கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக்கிலும் தூண் பாறையிலும் ஏரிக்கரையிலும் கேமராவை மாட்டிக்கொண்டு நிற்கும் படப்பிடிப்புக்காரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே சீசனில்தான் அவர்களுடைய ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது தொழிலில் ஒரு புது வேலை சேர்ந்தது: கார்டிலிருந்து படங்களைக் கடைக் கணினியில் இறக்குவது. டிஜிட்டல் கேமராக்கள் படங்களுக்கு நான்கு இலக்க எண் வைக்கும். 0001இல் தொடங்கி 9999 வரை, பிறகு மறுபடி 0001. கார்டை அழித்தால் எண்ணை முதலிலிருந்து தொடங்கும்படி அமைத்த கேமராக்களும் உண்டு. ஒரே கம்பெனியின் இரண்டு கேமராக்கள் ஒரே கடையில் இருந்தால் இரண்டும் ஒரே பெயரில்தான் படம் தரும். ஆகவே பெயர் மோதுவது இங்கே அபூர்வம் அல்ல. அன்றாடம் நடப்பது.

நேற்று இறக்கிய படங்கள் கார்டிலேயே இருக்கின்றன. இன்று எடுத்தவையும் சேர்ந்திருக்கின்றன. நேற்றைய படங்களைக் கணினியில் உட்கார்ந்து சரிசெய்தாயிற்று; பனிமூட்டத்தில் வெளுத்துப்போன முகங்களுக்கு நிறம் ஏற்றியாயிற்று. இப்போது புதியவை மட்டும் இறங்க வேண்டும். பெட்டி எழுகிறது. ‘இல்லை’ என்று தட்டினால் அடுத்த படத்துக்கு மறுபடி எழுகிறது, அதற்கடுத்த படத்துக்கும். வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது, பார்ட்டி இறங்க வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்துகிறார். விரல் எங்கே போகும்? ‘எல்லாவற்றுக்கும் ஆம்’. சரிசெய்த படங்கள் இருந்த இடத்தில் வெளுத்த படங்கள் உட்கார்ந்துவிடுகின்றன. மேலெழுதப்பட்டவை ரீசைக்கிள் பின்னுக்கும் போவதில்லை.

கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். ஒரே கேள்வியை நூறு தடவை கேட்டு, நூற்றிலும் நிதானமாகப் பதில் சொல்லாதவனைக் குற்றவாளி ஆக்குவது எந்த ஊர் நியாயம்? தானியங்கியாகச் செய்ய வேண்டிய வேலையை மனிதன் தலையில் கட்டிவிட்டு, அவன் அலுத்துப்போன நொடியில் எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தானைக் கைக்கருகில் வைத்தது யார்?

அதே எக்ஸ்பியில் இன்னொன்று. கார்டில் ஒரே ஒரு படம் கெட்டுப்போயிருந்தாலும், அந்தப் படத்துக்கு வந்ததும் நகலெடுப்பு முழுவதும் நின்றுவிடும். அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத் தொடரட்டுமா என்ற கேள்வி கிடையாது. எது வரை வந்தது, எது வரவில்லை என்ற கணக்கும் கிடையாது. விஸ்டாவில்தான் ‘தவிர்த்துவிட்டுத் தொடர்’ வந்தது. பொதுமக்களுக்கு அது வந்தது 2007இல். விஸ்டாவை அப்போது எல்லாரும் திட்டித் தீர்த்தார்கள், நானும் அதை மெச்ச வரவில்லை. ஆனால் அந்த ஒரு பொத்தானுக்காக ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்.

திரையில் தெரிவது மட்டும்தான் கோணல், உள்ளே தகவல் பத்திரம் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். அதற்கு நல்ல உதாரணமும் அவர்களிடம் உண்டு. விண்டோஸ் 3.1இன் ஃபைல் மேனேஜரில் 2000ஆம் ஆண்டு ஃபைல்களின் தேதி விசித்திரமாகத் தெரியும். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம் வர வேண்டிய இடத்தில் ஒரு முக்காற்புள்ளியும் ஒரு சுழியமும் நிற்கும், ‘:0’ என்று. 1900ஐக் கழித்தால் வரும் 100ஐ இரண்டு இலக்கம் என்று நம்பி எழுதிய நிரலின் விளைவு அது. கணினியின் எழுத்து வரிசையில் 9க்கு அடுத்த குறி முக்காற்புள்ளி. வட்டில் பதிந்த தேதியில் தவறு இல்லை. பட்டியலில் காட்டும்போதுதான் தவறு.

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிழை என்ன ஆயிற்று? வெறும் தோற்றக் கோளாறுதானே என்று மைக்ரோசாஃப்ட் விட்டுவிடவில்லை. 1997இலேயே திருத்திய ஃபைல் மேனேஜரை வெளியிட்டது. வங்கிகளும் விமானக் கம்பெனிகளும் அரசுகளும் ஒய்2கே என்று அலறிக்கொண்டிருந்த காலம். உள்ளே எதுவும் கெடாத ஒரு காட்சிப் பிழை, முன்கூட்டியே, பழைய பதிப்புகளுக்கும் சேர்த்துத் திருத்தப்பட்டது. படப்பிடிப்புக்காரரின் படங்களை உண்மையாகவே அழிக்க வைத்த பெட்டிக்கோ எக்ஸ்பியின் ஆயுள் முழுவதும் ஐந்தாவது பொத்தான் கிடைக்கவில்லை. எது சிறியது, எது பெரியது என்ற தராசு எங்கே சாய்கிறது என்பது இங்கேயே தெரிகிறது. அலறியவர் யார் என்று பார்த்து எடை போட்டிருக்கிறார்கள்.

‘தோற்றம்தானே’ என்ற வாதம் முற்றாக நொறுங்கிய நாள் ஒன்றும் உண்டு. விண்டோஸ் 95 முதலே எக்ஸ்ப்ளோரர் ஃபைல் பெயரின் வாலை மறைத்து வைக்கும். டாட் டாக், டாட் இஎக்ஸ்இ போன்ற வால்கள் பொதுமக்களைக் குழப்பும், பட்டியல் சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய காதல் கடித வைரஸ், டிஎக்ஸ்டி என்ற சாதுவான வாலுக்குப் பின்னால் விபிஎஸ் என்ற இன்னொரு வாலோடு வந்தது. கடைசி வாலை விண்டோஸ் மறைத்தது. பார்த்தவர்களுக்கு வெறும் எழுத்துக் கோப்பு. உலகெங்கும் லட்சக்கணக்கான கணினிகள் விழுந்தன.

தமிழ்நாட்டில் அதன் நீட்சியைப் பார்க்காத பிரவுசிங் சென்டர் கிடையாது. பழனி அடிவாரத்திலும் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லிலும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் பென் டிரைவ் கைமாறிய இடமெல்லாம் ‘நியூ ஃபோல்டர்’ வைரஸ் கைமாறியது. மஞ்சள் நிற ஃபோல்டர் படத்தை முகமூடியாகப் போட்ட ஒரு நிரல் அது. வால் தெரிந்திருந்தால் டாட் இஎக்ஸ்இ என்று காட்டிக்கொடுத்திருக்கும். வால் மறைந்ததால் பார்வைக்கு ஃபோல்டரேதான். ஃபோல்டரைத் திறக்கிறோம் என்று நினைத்துத் திருடனுக்குக் கதவைத் திறந்தோம். புராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தொலைத்த மாணவனிடம் போய் அது ஒரு தோற்றப் பிழைதான் தம்பி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இனி தேதிக்கு வருகிறேன். ஃபைல் மேனேஜரில் தேதிப் பத்தி என்று ஒன்று உண்டல்லவா, அதைப் போலச் சாதுவான முகத்தோடு பொய் சொல்லும் பத்தி வேறில்லை. பென் டிரைவிலும் கேமரா கார்டிலும் இருக்கும் ஃபேட் என்ற ஃபைல் சேமிப்பு முறைக்குக் காலம் 1980 ஜனவரி 1இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதியை அதில் எழுதவே முடியாது. நேரத்தையும் இரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் பதியும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை 1601 வரை பின்னோக்கிப் போகும், ஆனால் எக்ஸ்ப்ளோரரில் அந்தத் தேதியைக் கையால் திருத்த இடமில்லை. ஆக, 1965இல் எடுத்த கல்யாணப் படத்தை 2008இல் ஸ்கேன் செய்தால் பட்டியலில் அது 2008ஆம் ஆண்டுப் படம். அதை இன்னொரு வட்டுக்கு நகலெடுத்தால் உருவாக்கிய தேதி இன்றைக்கு மாறும், திருத்திய தேதி பழையதாகவே நிற்கும். பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட ஃபைல்! மதர்போர்டில் இருக்கும் சிறு பேட்டரி செத்த கணினியாக இருந்தால் கதை இன்னும் மோசம். மழைக்காலத்தில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து, கரண்ட் போய்ப் போய் வரும் மலையில், ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பல வருஷம் பின்னே ஓடிவிடும். அன்றைக்கு அடித்த பில்லை ஃபைல் மேனேஜர் எந்தக் கூச்சமும் இல்லாமல் பட்டியலின் அடியில் கொண்டுபோய் வைக்கும்.

தேதி கொஞ்சம் பிசகினால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்பவர்களைக் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு அழைத்துப் போகலாம். 1899இல் நிறுவப்பட்ட இந்தச் சூரிய ஆய்வகம் இப்போது பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் இருக்கிறது. 1904 முதல் வெள்ளொளியிலும், அடுத்த சில ஆண்டுகளில் தொடங்கி கால்சியம் ஒளிக்கோட்டிலும், 1912 முதல் ஹைட்ரஜன் ஒளிக்கோட்டிலும் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்த கண்ணாடித் தகடுகளும் ஃபிலிம்களும் அங்கே உள்ளன. ஒரே இடத்திலிருந்து நூறு ஆண்டுக்கு மேல் தொடரும் இப்படிப்பட்ட சூரியப் படத் தொகுதிகள் உலகிலேயே மிகச் சில. கால்சியம் படங்களை இரண்டு தலைமுறையாக டிஜிட்டல் ஆக்கினார்கள்: முதலில் 8 பிட்டில், பிறகு 16 பிட்டில். இரண்டையும் ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, புதியதே மேல் என்று சொல்லிவிட்டு, படம் எடுத்த நேரத்தில் பிழைகள் இரண்டு தொகுதிகளிலும் மண்டிக் கிடப்பதைச் சுட்டியது.

அந்தப் பிழைகளுக்கு எந்த ஃபைல் மேனேஜர் மீதும் நான் பழி போடவில்லை. நூற்றாண்டுப் பதிவுகள், பல கைகள் மாறிய வேலை. தவறு எங்கும் நுழையலாம். நான் பார்க்கச் சொல்வது விளைவை. அந்தக் கால்சியம் படங்களுக்குச் சூரிய ஒளியைக் கருவிக்குள் செலுத்துவது சுழலும் கண்ணாடி. பொழுது ஏற ஏற, விழும் பிம்பம் தானும் திரும்பிக்கொண்டே இருக்கும். ஆகவே எத்தனை மணிக்கு எடுத்த படம் என்று தெரிந்தால்தான் சூரியனின் வடக்கு எது என்று தெரியும். நேரம் தவறினால் வடக்கு தவறும், வடக்கு தவறினால் சூரியப் புள்ளிகளும் கால்சியம் திட்டுகளும் எந்த அட்சத்தில் இருந்தன என்ற கணக்கு தவறும். பெயரும் தேதியும் ஃபைலின் மேலே ஒட்டிய லேபிள்கள் அல்ல, அவற்றை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது என்னவென்றே சொல்ல முடியாது என்பதால்தான் விஞ்ஞானிகள் இவ்வளவு சிரமப்பட்டு அவற்றைச் சரிசெய்கிறார்கள். அதைச் செய்ய அவர்களுக்கு ஆளும் கருவியும் உண்டு. ஊராட்சி அலுவலகத்திலோ பண்டகசாலையிலோ உட்கார்ந்திருக்கும் ஒரு டைப்பிஸ்டுக்கு? அவருக்கு இருப்பது அந்தப் பட்டியல் ஒன்றுதான். அது சொல்வதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை.

தமிழ்ப் பெயர் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் அதிகம். பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு என்று ஃபோல்டர்களுக்குத் தமிழில் பெயர் வைக்க ஆசைப்பட்டவர் எக்ஸ்பியில் என்னென்ன பார்த்திருப்பார்? முதலில் கட்டங்கள். சிக்கலான எழுத்துகளுக்கான ஆதரவு தானாக வராது. கன்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்து, எக்ஸ்பி சிடியைப் போட்டு நிறுவ வேண்டும். சிடி எந்தக் கடையில் இருந்தது? அப்படியே நிறுவினாலும் பழைய மென்பொருள்கள் தமிழ்ப் பெயரைக் கேள்விக்குறிகளாகத்தான் காட்டும், திறக்கவும் மறுக்கும். ஜப்பானிய மொழிக்கு விண்டோஸில் பழைய பாணிக் குறியீட்டுப் பக்கம் ஒன்று இருந்தது. தமிழுக்கு யூனிகோடு மட்டும்தான். அதனால் எக்ஸ்பியின் எக்ஸ்ப்ளோரரில் ஜப்பானியப் பெயர் கொண்ட ஃபைலை ஜப்பானியக் கணினியில் ஜிப் செய்ய முடிந்தது. தமிழ்ப் பெயரைக் கொடுத்தால் இந்தப் பெயரில் பயன்படுத்த முடியாத எழுத்துகள் உள்ளன என்று சொல்லிக் கையை விரித்துவிடும். விண்டோஸ் 7 வந்த பிறகும் இந்தத் தொல்லை தொடர்ந்தது. 2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியீட்டு முறையையும் தமிழுக்கான தரங்களாக ஏற்று ஆணை போட்டதே, அப்போதும் நிலைமை இதுதான்.

லினக்ஸ் வைத்திருந்தவர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே ஃபைல் பெயரின் எல்லை 255 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தமிழில் எழுத்துக்கும் புள்ளிக்கும் கால், கொம்புக்கும் தனித்தனியே மூன்று பைட். கொடைக்கானல் என்ற ஆறெழுத்துப் பெயருக்கு 33 பைட் செலவாகிறது. நீளமான தலைப்பை அப்படியே பெயராக வைத்தால் பாதியில் ‘பெயர் மிக நீளம்’ என்று வரும். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்ததால், மலைக்கிராமப் பள்ளி மாணவர்களுக்கு இரண்டு உலகத்தின் கோணல்களும் ஒரே பெட்டியில் கிடைத்தன. லினக்ஸில் பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போது ‘முடிந்தது’ என்று பட்டை மறைந்துவிடும், தகவலோ இன்னும் நினைவகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருக்கும். நம்பிப் பிடுங்கினால் வீட்டில் போய்ப் பார்க்கும்போது ஃபைலின் பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

“பழகிடும்” என்பவர்களுக்கு இங்கேதான் பதில். ஆமாம், பழகிவிட்டது. எப்படிப் பழகியது தெரியுமா? தமிழில் பெயர் வைப்பதை விட்டுவிட்டார்கள். தமிழ்க் கடிதம், தமிழ் அழைப்பிதழ், தமிழ்த் தீர்மானம் எல்லாவற்றுக்கும் ஆங்கில எழுத்தில் கல்யாணம் ஒன்று, கல்யாணம் இரண்டு, ஃபைனல், நியூ ஃபைனல் என்று பெயர் வைத்தார்கள். பூண்டை ஒருவர் டி போட்டு எழுதுவார், இன்னொருவர் டிஎச் போட்டு எழுதுவார், தேடினால் ஒன்று கிடைக்கும், ஒன்று கிடைக்காது. இன்று எக்ஸ்பி போய்விட்டது, எழுத்துரு வந்துவிட்டது, தடை நீங்கிவிட்டது. பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. புகார் வரவில்லை என்பதை வைத்துப் பிழை சிறியது என்று கணக்குப் போடுகிறவர்கள், புகார் சொல்ல வேண்டியவர் அந்தப் பக்கமே வராமல் போய்விட்டதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழைய கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கினால் தீர்ந்தது என்பது மிச்சமிருக்கும் வாதம். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8இல் முடிந்தது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 11க்குப் பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்ற நிபந்தனையால், நன்றாக ஓடுகிற எத்தனையோ கணினிகள் வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. சரி, கடன் வாங்கியாவது வாங்கிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். வாங்கிய விண்டோஸ் 11இலும் ஃபைல் வால் மறைந்துதான் வருகிறது, காதல் கடிதம் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும். முழுப் பாதையின் நீளம் 260 எழுத்தைத் தாண்டக் கூடாது என்ற பழைய வரம்பைத் தளர்த்த 2016இல் விண்டோஸ் 10இலேயே வழி செய்தார்கள், எக்ஸ்ப்ளோரர் மட்டும் அந்த வழியில் நடக்கவில்லை. புதியது வாங்கச் சொல்கிறவர்கள் முதலில் புதியதைத் திறந்து பார்க்கட்டும்.

எல்லாப் பிழையும் ஒரே தரம் என்று நான் வாதிட வரவில்லை. சி, ஓ, என் என்ற மூன்றெழுத்தில் விண்டோஸில் ஃபோல்டர் வைக்க முடியாது. இதைக் கண்டுபிடித்தவர் ஒரு இந்தியர், மைக்ரோசாஃப்டுக்கே காரணம் தெரியவில்லை என்று ஒரு மின்னஞ்சல் ஊரெல்லாம் சுற்றியது. நம் ஆட்களுக்குப் பெருமைப்பட ஏதாவது ஒன்று வேண்டும். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: டாஸ் காலத்தில் விசைப்பலகைக்கும் திரைக்கும் வைத்த பெயர் அது, பழைய நிரல்கள் உடைந்துவிடும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் ஃபோல்டர் வைக்க முடியாமல் யாருக்கும் சோறு இறங்காமல் போகவில்லை. அது கிடக்கட்டும். திருத்தினால் பழைய நிரல் உடையும் என்ற சாக்கு, ஒரு பெட்டியில் ஐந்தாவது பொத்தான் வைப்பதற்கும் ஜிப் செய்யும்போது தமிழை ஏற்பதற்கும் பொருந்தாது.

பிழையைத் திருத்த மனமில்லாத கம்பெனி, நிரலையாவது திறந்துவிடலாம். 1990இல் விண்டோஸ் 3.0வோடு வந்த ஃபைல் மேனேஜரின் நிரலை 2018இல் மைக்ரோசாஃப்ட் எல்லாரும் எடுத்துத் திருத்தும் உரிமத்தோடு வெளியிட்டது. யாருக்கும் பயன்படாத வயதில் கிடைத்த தாராளம் என்றாலும் நல்ல காரியம். எக்ஸ்பியின் எக்ஸ்ப்ளோரருக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

கம்பெனியிடம் கேட்பதைவிட நம் அரசிடம் கேட்பது சுலபம். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. இத்தகைய கொள்முதலில் நினைவகம் எவ்வளவு, திரை எவ்வளவு அங்குலம், பேட்டரி எத்தனை மணி நேரம் என்றெல்லாம் நிபந்தனை எழுதுகிறார்கள். அதே தாளில் அரைப் பக்கம் சேர்க்கட்டும். நீளமான தமிழ்ப் பெயர் கொண்ட ஃபோல்டரைப் பென் டிரைவில் ஏற்றி வேறொரு கணினியில் இறக்க வேண்டும். அதை ஜிப் செய்து, வேறு இயங்குதளத்தில் பிரித்தால் பெயர் பெயராகவே வர வேண்டும். பட்டியல் அகர வரிசையில் நிற்க வேண்டும். பெட்டியைத் திறந்த முதல் நாளிலேயே ஃபைல் வால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதில் தோற்கிற கணினியைத் திருப்பி அனுப்பட்டும்.